"கிரிப்டோஜெனிக் ஸ்ட்ரோக்"னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, காரணமே தெரியாதுன்னா அடுத்து என்ன பண்றது?

காவேரிக்கரை எழுதியது:

வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருக்கேன், முதல் தடவையா கேக்குறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க. என் தம்பிக்கு 38 வயசு, கும்பகோணத்துல ஒரு ஜவுளிக்கடைல கணக்கு பாக்குறான். சிகரெட் தண்ணி கிடையாது, பிபி சுகர் கிடையாது, எங்க அம்மா அப்பா ரெண்டு பேர் பக்கமும் யாருக்கும் வாதம் வந்ததில்ல. மூணு வாரம் முன்னாடி ஒரு வியாழக்கிழமை காலைல பல்லு விளக்கிட்டு இருந்தவன் கைலேந்து பிரஷ் நழுவி வாஷ்பேசின்ல விழுந்துருச்சு, எடுக்கப் போறான், விரல் மூடவே மாட்டேங்குது. என்னாச்சுங்கன்னு அவன் பொண்டாட்டி கேட்டதுக்கு "அது... அது..."ன்னு அதையே திரும்பத் திரும்ப சொல்லிருக்கான், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. எதிர் வீட்டுப் பையன் உடனே 108க்கு அடிச்சதால ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போயாச்சு, சிடி எடுத்துட்டு ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போட்டாங்க, சாயங்காலமே கைய தூக்கிட்டான். இப்ப நடக்குறான், சாப்பிடுறான், பைக் மட்டும் வேணாம்னு சொல்லிருக்காங்க. சில வார்த்தை மட்டும் சட்டுனு வரமாட்டேங்குது, "சாவி"ன்னு சொல்ல வேண்டியத "அந்த திறக்குறது"ங்கறான்.

பிரச்சனை என்னன்னா, எம்ஆர்ஐல இடது பக்க மூளைல மேல்பரப்புல ஒரு திட்டு இருக்கு, அது ஸ்ட்ரோக்தான்னு உறுதியா சொல்லிட்டாங்க, ஆனா ஏன் வந்துச்சுன்னா பதில் இல்ல. எக்கோ நார்மல், கழுத்து டாப்ளர் நார்மல், இதயத்துடிப்ப பாக்க 24 மணி நேரம் மிஷின் மாட்டி விட்டாங்களே அதுவும் நார்மல், கொலஸ்ட்ரால்கூட நார்மல். டிஸ்சார்ஜ் சம்மரில "கிரிப்டோஜெனிக் ஸ்ட்ரோக்"னு போட்டு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அப்படின்னா என்ன டாக்டர்னு கேட்டேன், "காரணம் தெரியலம்மா, சில பேருக்கு அப்படித்தான்"னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டுட்டார்.

காரணம் தெரியாம எப்படிங்க நிம்மதியா தூங்குறது? அவன் பொண்டாட்டி ராத்திரி நாலு தடவ எந்திரிச்சு அவன் கைய கிள்ளிப் பாக்குறா. சித்தப்பா திருஷ்டிங்கறார், சென்னைல இருக்க ஒரு சொந்தக்காரர் "ஆஸ்பிரின்லாம் எந்தக் காலம், நேரா ஸ்ட்ராங்கான பிளட் தின்னர் போடச் சொல்லு"ங்கறார். இதுல அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருக்கீங்களா?

———

நைட்_டூட்டி எழுதியது:

அக்கா, நான் நியூரோல வேலை பாக்குறவன், ஆனா உங்க தம்பிய பாத்த டாக்டர் நான் இல்ல, அதனால இதெல்லாம் அவர்கிட்ட போய் கேக்குறதுக்கான கேள்விகள்னு எடுத்துக்கோங்க.

முதல்ல அந்த வார்த்தை. கிரிப்டோஜெனிக்ங்கறது ஒரு நோயோட பேரே இல்ல. "இதுவரைக்கும் தேடுனோம், கிடைக்கல"ன்னு எழுதுறதுக்கு ஒரு நாகரிகமான வார்த்தை, அவ்வளவுதான். ரத்தக்குழாய் அடைச்சு வர்ற ஸ்ட்ரோக்ல சுமாரா நாலுல ஒண்ணு இந்தக் கணக்குலதான் போகுது, அதனால உங்க தம்பி ஒண்ணும் உலக அதிசயம் இல்ல. இப்ப எல்லா ஊர்லயும் பயன்படுத்துற வகைப்பாடு 1993ல வந்தது, டோஸ்ட்னு பேரு. ஒரு மருந்த சோதிக்கறதுக்காக நடந்த ஆராய்ச்சில பேஷண்டுகள பிரிச்சு வைக்க உண்டாக்குனது, அந்த மருந்து கடைசில தேறல, வகைப்பாடு மட்டும் முப்பது வருஷமா நின்னுட்டு இருக்கு. அதுல பெரிய குழாய் அடைப்பு, இதயத்துலேந்து கிளம்புற கட்டி, மூளைக்குள்ள சின்னக் குழாய் அடைப்பு, வேற குறிப்பான காரணம்னு நாலு டப்பா, மிச்சம் எல்லாம் அஞ்சாவது டப்பா. இந்த அஞ்சாவதுதான் வில்லங்கம். முழுசா தேடியும் கிடைக்காதவங்க, பாதி டெஸ்ட்டோட நிறுத்திட்டவங்க, ரெண்டு காரணம் கிடைச்சு எதுன்னு முடிவு பண்ண முடியாதவங்க, மூணு பேரையும் ஒரே டப்பால போட்டு மூடிருவாங்க. உங்க தம்பி இதுல எந்த ரகம்னு தெரிஞ்சுக்கறதுதான் முதல் வேலை, நீங்க எழுதியிருக்கறத வச்சு பாத்தா எனக்கு பாதி டெஸ்ட் ரகம்னுதான் படுது (ஆஸ்பத்திரிய குத்தம் சொல்லல, நிறைய இடத்துல இவ்வளவுதான் பண்ண முடியும்).

ஏன் சொல்றேன்னா, திட்டு மூளையோட மேல்பரப்புல இருக்குங்கறீங்க. அப்படி இருந்தா பெரும்பாலும் எங்கிருந்தோ ஒரு கட்டி மிதந்து வந்து அடைச்சிருக்குன்னு அர்த்தம். எங்கிருந்துங்கறதுதான் கேள்வி. இதயத்துக்குள்ள ஓட்டை இருக்கான்னு பாக்குற பபிள் டெஸ்ட் பண்ணாங்களா? சாதா எக்கோல அது தெரியாது. கழுத்துக்கு டாப்ளர் மட்டும்தானா, இல்ல நெஞ்சுலேந்து மண்டைக்குள்ள வரைக்கும் ரத்தக்குழாய படம் புடிக்கற சிடி ஆஞ்சியோ எடுத்தாங்களா? இதயத்துடிப்புக்கு மாட்டுன அந்த 24 மணி நேர மிஷின், ஹோல்டர்னு சொல்வோம், சும்மா எட்டிப் பாக்குற மாதிரிதான். ரத்தம் சீக்கிரம் உறையற பிரச்சனைக்கான டெஸ்ட், முக்கியமா ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட், பண்ணாங்களா? அது ஒரு தடவ பாசிட்டிவ் வந்தாலும் 12 வாரம் கழிச்சு திரும்ப பாத்துத்தான் உறுதி பண்ணுவாங்க. ஹோமோசிஸ்டீன், பி12 பாத்தாங்களா?

அப்புறம் ஒரு கேள்வி, சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும். ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரத்துல கழுத்து வலி, ஒரு பக்கமா தலைவலி எதாச்சும் இருந்துச்சா? கீழ விழுந்தாரா, பைக்ல இடிச்சாரா, ஜிம், வெயிட் தூக்கறது, சலூன்ல கழுத்த திருப்பி நெட்டி எடுக்கறது? கேட்டு சொல்லுங்க.

———

எக்கோ_ரூம் எழுதியது:

பபிள் டெஸ்ட் பத்தி நான் சொல்றேன், பத்து வருஷமா அதத்தான் பண்ணிட்டு இருக்கேன். பேர கேட்டுட்டு எல்லாரும் பயப்படுறாங்க, ஒண்ணும் இல்லங்க. முழங்கை மடிப்புல ஒரு ஊசி போட்டு, அதுல மூணு வழி குழாய் மாட்டி, ரெண்டு சிரிஞ்ச எதிரும் புதிருமா வைப்போம். ஒன்பது மில்லி சலைன், ஒரு மில்லி காத்து. இந்த சிரிஞ்சுலேந்து அதுக்கு, அதுலேந்து இதுக்குன்னு வேகமா தள்ளிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல நீர்மோர் மாதிரி வெளுத்துரும், அந்த நிமிஷமே உள்ள ஏத்திரணும், லேட் ஆனா நுரை அடங்கிரும். ஸ்கிரீன்ல பாத்தா இதயத்தோட வலது பக்கம் கோலி சோடா திறந்த மாதிரி பொங்கும். இந்தக் குமிழி எல்லாம் நுரையீரல்ல வடிகட்டிரும், இடது பக்கம் ஒண்ணுகூட வரக்கூடாது. மூணு துடிப்புக்குள்ள இடது பக்கம் வந்துச்சுன்னா நடுச்சுவத்துல வழி இருக்கு. அஞ்சாறு துடிப்பு கழிச்சு மெதுவா வந்தா நுரையீரலுக்குள்ள குறுக்கு வழி இருக்கலாம், அது வேற கதை.

முக்கியமான விஷயம், அந்த வழி ஒரு கதவு மாதிரி, சாதாரணமா மூடிட்டுத்தான் இருக்கும். பேஷண்ட்ட மூச்ச புடிச்சு நல்லா முக்கச் சொல்லி, குமிழி வலது பக்கம் வந்ததும் "விடுங்க"ன்னு சொல்லணும், அப்பத்தான் கதவு திறக்கும். ஸ்ட்ரோக் வந்தவங்க பல பேருக்கு நாம சொல்றது சட்டுனு புரியாது, இல்ல முக்கத் தெரியாது, அரைகுறையா பண்ணிட்டு "நெகட்டிவ்"னு ரிப்போர்ட் போயிரும். அதனால உங்க தம்பிய முந்தின நாளே வீட்ல உக்கார வச்சு பழக்கிருங்க, மலச்சிக்கல்ல எப்படி முக்குவோமோ அதேதான், வெக்கமெல்லாம் பாக்க வேணாம். சந்தேகம் இருந்தா தொண்டை வழியா குழாய் விட்டு பாக்குற எக்கோ எடுப்பாங்க, அதுக்கு வெறும் வயித்துல வரணும், கொஞ்சம் கஷ்டமா இருக்கும், ஆனா படம் கண்ணாடி மாதிரி தெரியும்.

———

ஓட்டை_நெஞ்சுக்காரன் எழுதியது:

என் ஐடிய பாத்தாலே கதை புரியும். எனக்கு 36 வயசுல வந்துச்சு, உங்க தம்பி மாதிரியே எல்லாம் நார்மல், நாலு மாசம் கிரிப்டோஜெனிக்னு ஃபைல தூக்கிட்டு அலைஞ்சேன். நாகர்கோவில்லேந்து சென்னைக்கு ராத்திரி பஸ், 14 மணி நேரம் காலக்கூட நீட்ட முடியாத சீட்டு, இறங்கி ரெண்டு நாள்ல எனக்கு பேச்சு போச்சு. கடைசில பபிள் டெஸ்ட்ல பாத்தா இடது பக்கம் நுரையா கொட்டுது.

வயித்துல இருக்கறப்ப நாம யாரும் மூச்சு விடுறதில்ல, நுரையீரல் சும்மா கெடக்கும், அதனால வலது பக்க ரத்தம் நேரா இடது பக்கம் போறதுக்கு ஒரு ஜன்னல் இருக்குமாம். பொறந்ததும் மூடிரும், நாலுல ஒருத்தருக்கு முழுசா ஒட்டாம அப்படியே இருந்துரும், பிஎஃப்ஓன்னு சொல்வாங்க. கால்ல உண்டாகுற கட்டி நுரையீரலுக்கு போறதுக்குப் பதிலா இந்த ஜன்னல் வழியா தாண்டி மூளைக்கு போயிரும். 1877லயே கோன்ஹைம்னு ஒரு ஜெர்மன்காரர், 35 வயசு பொம்பளையோட உடல அறுத்துப் பாத்து இத எழுதி வச்சிருக்கார். அப்புறம் இத அடைச்சா நல்லதா இல்லையான்னு ஒரு முடிவுக்கு வர 140 வருஷம் ஆகிருக்கு பாருங்க. 2012ல வந்த முதல் பெரிய ஆராய்ச்சில அடைச்சாலும் அடைக்காட்டியும் ஒண்ணுதான்னு வந்துச்சு, 2017ல ஒரே நேரத்துல மூணு ஆராய்ச்சி வெளிவந்து அத மாத்திப் போட்டுச்சு. அதுல குளோஸ்னு ஒண்ணு, ஃபிரான்ஸ்ல ஆரம்பிச்சது, ஓட்டைய அடைச்ச 238 பேர்ல ஒருத்தருக்குக்கூட திரும்ப ஸ்ட்ரோக் வரல, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைல மட்டும் இருந்த 235 பேர்ல 14 பேருக்கு வந்துச்சு. என் கார்டியாலஜிஸ்ட் இத ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுனப்பதான் நான் சரின்னேன்.

தொடை வழியா உள்ள போய் ரெண்டு தட்டு வச்ச ஒரு குடை மாதிரி சாமான வச்சு அடைச்சாங்க, மறுநாளே வீட்டுக்கு வந்துட்டேன். பின்னாடி ஒரு மாசம் நெஞ்சு படபடன்னு அடிச்சுது, அது சில பேருக்கு வரும்னு முன்னாடியே சொல்லிருந்தாங்க, போயிருச்சு. பஸ்ல போனா இப்பவும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு நடப்பேன், கண்டக்டர் திட்டுவார்.

———

மலைக்கோட்டை_மணி எழுதியது:

எல்லாரும் கோச்சுக்காதீங்க, ஒரு சந்தேகம். நாலுல ஒருத்தருக்கு ஓட்டை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப தமிழ்நாட்ல கிட்டத்தட்ட ரெண்டு கோடி பேர் ஓட்டையோடதான் திரியுறோம், எல்லாருக்குமா வாதம் வருது? தேடுனா எதாச்சும் ஒண்ணு கெடைக்கத்தான் செய்யும், கெடைச்சத அடைக்கறேன்னு லட்சக்கணக்குல புடுங்குவானுங்க. அதுக்கு அந்த சென்னைக்காரர் சொன்னதுதான் சரி, ஸ்ட்ராங்கான பிளட் தின்னர போட்டுட்டா எங்கேந்து கட்டி வந்தா என்ன, வராம இருக்கப் போகுது. காரணம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?

———

ஊர்சுத்தி67 எழுதியது:

மணி அண்ணே, எங்கப்பா விஷயத்துல காரணம் தெரிஞ்சதாலதான் மருந்தே மாறுச்சு. அவருக்கு அப்ப 67, ரிட்டயர்டு வாத்தியார், தேனி பக்கம். இதேமாதிரி எல்லா டெஸ்ட்டும் நார்மல். அப்பதான் ஒரு டாக்டர் லூப் ரெக்கார்டர் வைக்கலாமான்னு கேட்டார், இதயத்துடிப்ப மாசக்கணக்குல பதிவு பண்ண நெஞ்சுல தோலுக்கு அடில வைக்கறது, நாலரை சென்டிமீட்டர் நீளம், அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்ல, குச்சி ஐஸ் குச்சிய பாதியா உடைச்சு வச்ச மாதிரி இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு பத்து நிமிஷத்துல முடிஞ்சுருச்சு. விலை அதிகம், பொய் சொல்ல மாட்டேன், வீட்ல பெரிய சண்டையே நடந்துச்சு. ஏழாவது மாசம் ஒரு ராத்திரி மூணு மணிக்கு, அவர் நல்லா குறட்டை விட்டு தூங்கிட்டு இருக்காரு, இதயம் நாலு மணி நேரம் தாறுமாறா துடிச்சிருக்கு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். காலைல எந்திரிச்சு வழக்கம்போல காப்பி குடிச்சுட்டு பேப்பர் படிச்சாரு, அவருக்கு ஒண்ணுமே தெரியல. அதுக்கப்புறம்தான் ஆஸ்பிரின நிறுத்திட்டு அபிக்சபான்ங்கற ஸ்ட்ராங்கான பிளட் தின்னர் ஆரம்பிச்சாங்க. 24 மணி நேர மிஷின்ல இது எப்படிங்க மாட்டும்? அது மாட்டுன அன்னைக்கு இதயம் ஒழுங்கா துடிச்சா நார்மல்னு எழுதிருவாங்க.

குறட்டைன்னு சொன்னேன்ல, அதையும் டாக்டர் விடல, தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு டெஸ்ட் பண்ணச் சொன்னார், அதுவும் இருந்துச்சு.

———

நைட்_டூட்டி எழுதியது:

மணி சார் கேட்டது நியாயமான கேள்வி, உண்மைல இந்தத் துறையோட பத்து வருஷ சண்டையே இதுதான். ரெண்டா பிரிச்சுக்கலாம்.

ஓட்டை விஷயம். இருக்கறதுனால மட்டும் அதுதான் காரணம்னு சொல்லக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்குத்தான் 2013ல ரோப் ஸ்கோர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பிபி இல்லையா ஒரு மார்க், சுகர் இல்லையா ஒரு மார்க், சிகரெட் இல்லையா, முன்னாடி ஸ்ட்ரோக் வந்ததில்லையா, திட்டு மேல்பரப்புல இருக்கா, இதுக்கெல்லாம் ஒவ்வொண்ணு, வயசு குறைய குறைய மார்க் கூடும். பத்துக்கு ஒன்பது பத்து வாங்குனவங்ககிட்ட ஓட்டை இருந்தா 88 சதவீதம் அதுதான் காரணம். மூணும் அதுக்குக் கீழயும் வாங்குனா ஓட்டை சும்மா வேடிக்கை பாக்க நிக்குதுன்னு அர்த்தம். 70 வயசு, பிபி, சுகர், சிகரெட் எல்லாம் இருக்கவருக்கு ஓட்டை இருக்குன்னு யாராச்சும் அடைக்கச் சொன்னா, சார் சொல்ற சந்தேகம் வரணும்தான். அக்கா தம்பிக்கு நான் போட்டுப் பாத்தேன், 9 வருது.

ரெண்டாவது, எல்லாருக்கும் ஸ்ட்ராங்கான பிளட் தின்னர். இத சும்மா பேசிட்டு விடல சார், கோடிக்கணக்குல செலவு பண்ணி செஞ்சே பாத்துட்டாங்க. 2014ல ஒரு சர்வதேச குழு, காரணம் தெரியாத ஆனா கட்டி மிதந்து வந்த மாதிரி இருக்க ஸ்ட்ரோக்குக்கு ஈசஸ்னு தனிப் பேரு வச்சாங்க. இதுல பெரும்பாலும் கண்ணுல மாட்டாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாத்தான் இருக்கும், அப்ப ஆஸ்பிரின விட ஸ்ட்ராங் மருந்து நிச்சயம் ஜெயிக்கும்னு எல்லாரும் நம்புனாங்க. நானும்தான், அப்ப நான் ஸ்டூடன்ட். நேவிகேட்னு ஒரு ஆராய்ச்சி, 31 நாட்ல 7213 பேரு, பாதிப் பேருக்கு ரிவராக்சபான்ங்கற ஸ்ட்ராங் மருந்து, பாதிப் பேருக்கு ஆஸ்பிரின். பாதிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. திரும்ப ஸ்ட்ரோக் வர்றது வருஷத்துக்கு ரிவராக்சபான் பக்கம் 5.1 சதவீதம், ஆஸ்பிரின் பக்கம் 4.8, வித்தியாசமே இல்ல, ஆனா பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின்ல 0.7 இருந்த இடத்துல ரிவராக்சபான்ல 1.8 ஆயிருச்சு. 2018ல இது வெளிவந்துச்சு. அடுத்த வருஷம் டாபிகட்ரான்ங்கற இன்னொரு ஸ்ட்ராங் மருந்த வச்சு 5390 பேருக்கு பண்ணது, அதுலயும் ஆஸ்பிரின ஜெயிக்க முடியல. சரி, எல்லாருக்கும் வேணாம், இதயத்தோட இடது மேலறை கெட்டுப்போன அறிகுறி இருக்கவங்களுக்கு மட்டும் குடுத்துப் பாப்போம்னு ஆர்கேடியான்னு ஒண்ணு, அபிக்சபான், 2024ல வந்துச்சு. ரெண்டு பக்கமும் வருஷத்துக்கு 4.4, புள்ளி கூட மாறாம.

ஏன் தோத்துச்சுன்னா, அந்த ஈசஸ்ங்கற மூட்டைக்குள்ள எல்லாம் கலந்து கெடக்கு. ஒருத்தருக்கு கழுத்துக் குழாய்ல பாதிக்கும் கம்மியான அடைப்பு, அதோட கொழுப்பு வெடிச்சுக் கட்டி கிளம்பியிருக்கும். ஒருத்தருக்கு ஓட்டை. ஒருத்தருக்கு வெளில தெரியாத கேன்சர், அதனால ரத்தம் கெட்டியாகும். ஒருத்தருக்கு நிஜமாவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். காய்ச்சல்னு வந்த நூறு பேருக்கும் டைபாய்டு மருந்தக் குடுத்துட்டு மருந்து வேலை செய்யலன்னா எப்படி, அந்தக் கதைதான்.

ஊர்சுத்தி சொன்ன லூப் ரெக்கார்டர் விஷயத்துல 2014ல கிரிஸ்டல்னு ஒரு ஆராய்ச்சி, 441 பேரு. ஆறு மாசத்துல மிஷின் வச்சவங்கள்ல 8.9 சதவீதத்துக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மாட்டுச்சு, வழக்கமான முறைல 1.4. மூணு வருஷம் விட்டுப் பாத்தா 30 சதவீதம் வந்துச்சு. அப்பாவுக்கு 67 வயசு, நாலு மணி நேரம் ஓடியிருக்கு, அதுல குழப்பம் இல்ல. ஆனா ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு நிமிஷம் மட்டும் தாறுமாறா துடிச்சா அதுதான் காரணம்னு சொல்ல முடியுமா? பேஸ்மேக்கர் வச்சவங்கள தொடர்ந்து பாத்த அசர்ட்னு ஒரு ஆராய்ச்சில ஸ்ட்ரோக் வந்த 51 பேர எடுத்து ஆராஞ்சாங்க, அதுல நாலே பேருக்குத்தான் முந்தின ஒரு மாசத்துக்குள்ள அந்த தாறுமாறு துடிப்பு இருந்துச்சு. கெடைச்சதுதான் குத்தவாளின்னு சொல்லிற முடியாது, மணி சார் சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை இருக்கு.

அக்கா, கழுத்து விஷயம் கேட்டேனே?

———

காவேரிக்கரை எழுதியது:

தம்பி, நீங்க கேட்டத அப்படியே அவன்கிட்ட படிச்சுக் காட்டுனேன், எனக்கு கை நடுங்குது. ஸ்ட்ரோக் வந்தது வியாழன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எங்க மாமா பொண்ணு கல்யாணம், சனிக்கிழமை சாயங்காலம் சலூன்ல முடி வெட்டிட்டு மசாஜ்னு தலைய ரெண்டு பக்கமும் டொக்கு டொக்குனு திருப்பி விட்ருக்கான். எப்பவும் பண்றதுதான், அன்னைக்கு இடது பக்கம் திருப்புறப்ப சுருக்குன்னுச்சாம். அதுலேந்து இடது காதுக்குக் கீழ வலி, தலகாணி சரியில்லன்னு நெனச்சு தைலம் தேச்சுக்கிட்டு இருந்திருக்கான். ஆஸ்பத்திரில யாரும் கேக்கவும் இல்ல, இவனும் சொல்லல, அப்ப அவனுக்கு பேச்சே வரலையே.

———

நைட்_டூட்டி எழுதியது:

பதட்டப்படாதீங்கக்கா. கழுத்துல மூளைக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவரு லேசா கிழிஞ்சு, அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு அங்கேந்து கட்டி கிளம்பலாம், டிஸெக்‌ஷன்னு சொல்வோம். அம்பது வயசுக்குக் கீழ வர்ற ஸ்ட்ரோக்குக்கு இது ஒரு முக்கியமான காரணம். டாப்ளர்ல ஏன் தெரியலன்னா, அது கழுத்து நடுப்பகுதியத்தான் நல்லா காட்டும், இது நடக்கறது பல நேரம் மேல, மண்டை ஓட்டுக்குள்ள நுழையற இடத்துக்குப் பக்கத்துல, அங்க தாடை எலும்பு மறைச்சிரும். கல்யாண ஃபோட்டோ இருந்தா ஒண்ணு பாருங்க, இடது கண் இமை லேசா தொங்குன மாதிரி, கண்ணு சின்னதா தெரியுதா? கிழிசல் பக்கத்துல ஓடுற நரம்பு அமுங்குனா அப்படி ஆகும். ஆனா ஃபோட்டோவ வச்சு யாரும் முடிவு பண்ண மாட்டாங்க, சிடி ஆஞ்சியோவோ, கழுத்துக் குழாய்க்கு தனியா எடுக்குற எம்ஆர்ஐயோ எடுக்கணும். லேட் பண்ணாதீங்க, குழாய் தானா ஆறிட்டா படத்துல தடயமே இல்லாமகூட போயிரும். மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. சலூன்காரர்கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க, பலமா தும்முனதுல கிழிஞ்சவங்களையும் பாத்திருக்கேன், எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாது.

———

காவேரிக்கரை எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் பதில் சொல்லாததுக்கு மன்னிக்கணும், தஞ்சாவூருக்கும் இங்கயுமா அலைஞ்சுட்டு இருந்தோம்.

ஃபோட்டோ பாத்தோம். 140 ஃபோட்டோல அவன் நேரா பாத்து நிக்கறது ஆறுதான், பந்தி பரிமாறிட்டே திரும்பிப் பாக்குற ஒண்ணுல இடது கண்ணு கொஞ்சம் சொக்குன மாதிரி இருக்கு. எங்கம்மா "எம்புள்ளைக்கு எப்பவுமே அந்தக் கண்ணு அப்படித்தான்"ங்கறா. வேற டாக்டர்கிட்ட போய் சலூன் விஷயத்த முதல்லயே சொன்னோம், அவர் ஃபைல மூடி வச்சுட்டு பத்து நிமிஷம் அதையேதான் கேட்டார். சிடி ஆஞ்சியோல இடது பக்க குழாய்ல, நீங்க சொன்ன அதே இடத்துல, மண்டைக்குள்ள போறதுக்கு கொஞ்சம் முன்னாடி, குழாய் ஒழுங்கில்லாம சுருங்கியிருக்காம், ஆறிட்டு வர்ற கிழிசலா இருக்கலாம்னு ரிப்போர்ட்ல போட்ருக்கு. "இருக்கலாம்"தான்.

கூடவே பபிள் டெஸ்ட்டும் பண்ணோம். எக்கோ ரூம் சார், ஒரு வாரம் வீட்ல முக்கிப் பழகிட்டுத்தான் போனான், பக்கத்து வீட்ல என்ன நெனச்சாங்களோ. அதுல ஏழெட்டு குமிழி தாண்டி வந்திருக்கு. சின்ன ஓட்டை. நெஞ்சுக்காரர் சார், உங்களுக்கு கொட்டுன மாதிரி இல்ல. கார்டியாலஜி டாக்டர் அடைக்கலாம்ங்கறத முழுசா விடவும் இல்ல, நியூரோ டாக்டர் குழாய்தான் காரணம், ஓட்டை சும்மா இருக்கு, இப்ப தொட வேணாம்னு சொல்லிட்டார். ஆஸ்பிரின் மட்டும் தொடரணும், மூணு மாசம் கழிச்சு திரும்ப ஆஞ்சியோ. குழாய் நல்லா ஆறியிருந்தா அப்ப டிஸெக்‌ஷன்னு உறுதியா எழுதிக்கலாம்னார். நான் கேட்டேன், இப்ப என்ன டாக்டர் எழுதுவீங்கன்னு. சிரிச்சுட்டு, ரெண்டு காரணம் இருக்கறதால இன்னும் அதே அஞ்சாவது டப்பாதாம்மான்னார்.

ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் நெகட்டிவ். பி12 ரொம்ப கம்மி, ஊசி போடுறோம். வார்த்தை வர ஆரம்பிச்சிருச்சு, நேத்து பீரோகிட்ட நின்னு "சாவி எங்க"ன்னு கத்துனான், கேட்டுட்டு அவன் பொண்டாட்டி அடுப்படிலேந்து ஓடி வந்தா. முடி மட்டும் இன்னும் வெட்டல, காத மூடிட்டு வளந்து கெடக்கு, சலூன்னு சொன்னாலே கழுத்த கைல புடிச்சுக்கறான்.

———

எக்கோ_ரூம் எழுதியது:

முடி வெட்டலாம்ங்க, நெட்டி மட்டும் வேணாம்னு உக்காரும்போதே சொல்லிரச் சொல்லுங்க. மூணு மாச ஆஞ்சியோ வந்ததும் இங்கயே போடுங்க, நாங்களும் காத்துட்டு இருக்கோம்.